பழைய ஃபோர்க்கில் புது ஸ்டெம் மாட்டுவது எப்படி

பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் தனி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கைச் சுழலவிடும் பேரிங் தொகுப்பான ஹெட்செட் தனி. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஸ்டெம்மை உருவி எடுத்துவிட்டாலும் ஃபோர்க் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். 1990களின் தொடக்கத்தில் டியா காம்பே நிறுவனம் அஹெட்செட் என்ற முறையைக் கொண்டுவந்தபோது இது மாறிவிட்டது. அதில் ஃபோர்க் குழாய்க்கு மரையே கிடையாது. குழாய் ஹெட்செட்டைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்; ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்வும்; அந்தப் பிடிதான் பேரிங்கின் இறுக்கத்தையும் காப்பாற்றும். பழைய ஃபோர்க்கில் புது ஸ்டெம் மாட்டுகிறவர்கள் எங்கே தடுமாறினாலும், இந்த இரண்டு முறைகளையும் போட்டுக் குழப்பியதுதான் காரணமாக இருக்கும்.

நான் மும்பையில் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஒரு வைஸ் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் யாராவது ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போதெல்லாம் அதிகம் வருவது சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கிய பழைய ஸ்டீல் ரேஸ் வண்டிகள். கோரிக்கையும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, குனிஞ்சு ஓட்ட முடியல. ஹேண்டில மேல ஏத்தி, புது பார் போட்டுத் தாங்க."

நியாயமான ஆசைதான். பழைய ஸ்டெம்மில், கழற்றினால் பாரை (ஹேண்டில்பாரை) அப்படியே எடுத்துவிடக்கூடிய முன்பக்க மூடி கிடையாது. பாரை மாற்ற வேண்டுமென்றால் டேப்பைப் பிரித்து, பிரேக் பிடியைக் கழற்றி, பாரை வளைத்து வளைத்து வெளியே இழுக்க வேண்டும். இன்று விற்கும் பார்களின் நடுப்பகுதி பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டர், பழைய ஸ்டெம்கள் 25.4 அல்லது 26.0 பாருக்குச் செய்தவை.

ராடு பிரேக் வைத்த நம் ஊர்க் கறுப்பு வண்டியைக் கொண்டு வருகிறவர்களை மட்டும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் ஹேண்டிலும் ஸ்டெம்மும் ஒரே துண்டாகப் பற்றவைத்தவை. பிரேக் கம்பிகளும் அதிலேயே தொங்குகின்றன. ஸ்டெம்மை மாற்றினால் பிரேக்கையே மாற்ற வேண்டும். வேண்டாத வேலை.

புது ஸ்டெம்மை நேராகப் பழைய ஃபோர்க் குழாயின் மேல் கவ்வவிட முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. ஹெட்செட்டின் உச்சியில் இறுகியிருக்கும் லாக்நட்டுக்கு மேலே கவ்வுவதற்குக் குழாயே மிச்சமிருக்காது. இருந்தாலும் அது மரை வெட்டிய குழாய். மரையின் ஒவ்வொரு பள்ளமும் உலோகம் மெலிந்த இடம். அதைப் பிடித்து நெம்பினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். இதற்கென்றே குவில் அடாப்டர் என்று ஒரு சாமான் விற்கிறது. கீழ்ப்பாதி பழைய ஸ்டெம்மைப் போலக் குழாய்க்குள் இறங்கி ஆப்பு வைத்து இறுகும். மேல்பாதி 28.6 மில்லிமீட்டர் உருண்டை. புது ஸ்டெம் அதைக் கவ்விக்கொள்ளும். பேட்டைக் கடையில் கேட்டால் முழிப்பார்கள், ஆன்லைனில் கிடைக்கும். 

வாங்குவதற்கு முன்னால் அளவு. ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். நாக்தேவி தெருவில் சாதாரண வெர்னியர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேறு பத்து வேலைக்கும் ஆகும். ஃபோர்க் குழாயின் உள்ளே அளப்பதைவிட, வெளியே எடுத்த பழைய ஸ்டெம்மின் தண்டை அளப்பது சுலபம். 1 அங்குல ஃபோர்க் என்றால் குழாயின் வெளிவிட்டம் 25.4, உள்ளே போகும் தண்டு 22.2, லாக்நட்டுக்குப் பெரும்பாலும் 32 ஸ்பேனர் பிடிக்கும். 1990களின் பழைய மலை வண்டிகள் சிலவற்றில் வெளிவிட்டம் 28.6, தண்டு 25.4, ஸ்பேனர் 36. அடாப்டரும் இந்த இரண்டு அளவிலும் வருகிறது. மற்றவை தொந்தரவு பிடித்தவை. பழைய பிரெஞ்சு வண்டிகளில் தண்டு 22.0 இருக்கும். அந்த 0.2 வித்தியாசத்துக்காக அடாப்டரின் தண்டை எமரித் தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. பழைய அமெரிக்க வண்டிகளிலும் பழைய பிஎம்எக்ஸிலும் 21.1 உண்டு. அதில் 22.2 இறங்கவே இறங்காது.

இனி பழைய ஸ்டெம்மைக் கழற்றுவது. மும்பையில் பாதி வேலை இதுதான். கடல் காற்று ஒரு பக்கம், நாலு மாத மழை ஒரு பக்கம், ஓட்டுகிறவரின் வியர்வை சொட்டிச் சொட்டி போல்ட் வழியாக உள்ளே இறங்குவது ஒரு பக்கம். ஸ்டெம் அலுமினியம், ஃபோர்க் ஸ்டீல். உப்புத் தண்ணீர் நடுவில் நின்றால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, இரண்டையும் சிமெண்ட் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும்.

மேலே உள்ள போல்ட்டை, 6 ஆலன் கீயோ ஸ்பேனரோ எது பொருந்துகிறதோ அதைப் போட்டு, நாலைந்து சுற்று தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். இப்போது போல்ட்டின் தலை கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபட்டு, போல்ட் தலை மறுபடி உட்கார்ந்துவிடும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத்தான் சிலர் ஸ்டெம்மை இழுக்கிறார்கள். ஸ்டெம் வந்தாலும் ஆப்பு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் வண்டியைக் கவிழ்த்து, கீழேயிருந்து கம்பியை விட்டுத் தள்ள வேண்டியதுதான்.

ஆப்பு விடுபட்டும் ஸ்டெம் அசையவில்லையா? துரு பிடித்திருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை மேலே லாக்நட் ஓரமாகச் சொட்டுங்கள். அது போதாது. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். பல ஃபோர்க்குகளில் கீழே, மட்கார்டு போல்ட் இருக்கும் இடத்தில், குழாய் திறந்தே இருக்கும். அந்த வழியாகவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் திருகுங்கள். ஒரு நூலளவு நகர்ந்துவிட்டால் மற்றது தானாக வரும். நகரவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ராத்திரி. கோபத்தில் பலம் கொடுத்தால் வளைவது ஃபோர்க்கின் கால்கள். கேஸ் அடுப்பைக் காட்டிச் சூடேற்றுகிற ஆட்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பெயின்ட் போவது நிச்சயம். கடைசி வழி, ஸ்டெம்மை மேலே அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் தண்டை ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் கீறிக் கீறி எடுப்பது. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

ஸ்டெம் வெளியே வந்ததும் குழாயின் உள்ளே துணியைச் சுற்றிய கம்பியால் துடைத்துவிட்டு, பழைய தண்டையே வெறுமனே உள்ளே இறக்கி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். சில ஃபோர்க் குழாய்கள் கீழே போகப் போக உள்ளே தடித்திருக்கும். முட்டி நிற்கும் இடம்தான் உங்கள் கீழ் எல்லை. மேல் எல்லை ஒன்றும் உண்டு. வெளியே மரை வெட்டிய பகுதி எங்கே முடிகிறதோ, ஆப்பு அதற்கும் கீழே உட்கார வேண்டும். மரைப் பகுதிக்குள் ஆப்பை இறுக்கினால் மெலிந்த குழாய் புடைக்கும். மேல் பேரிங் இறுகிக்கொள்ளும், பிறகு ஒருநாள் அந்த இடத்திலேயே ஒடியும். ஹெட்செட்டைக் கழற்றிக் குண்டுகளுக்கு கிரீஸ் போடும் வேலையை இதோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேனே, அதற்குக் காரணம் இதுதான்: மரை எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அடாப்டரின் தண்டிலும் குறைந்தபட்சம் இவ்வளவு இறங்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஸ்டெம் தேர்வில் கொஞ்சம் கணக்குப் போட்டால் காசு மிச்சம். ரேஸ் வண்டியில் ஃபோர்க் குழாய் நேராக நிற்பதில்லை, 73 பாகை அளவில் சாய்ந்து நிற்கும். பழைய ஸ்டெம் அந்தச் சாய்வை 17 பாகை கீழே வளைத்து ஈடுகட்டித் தரைக்கு மட்டமாக நிற்கிறது. அதனால்தான் அது 7 என்ற எண்ணைப் போல் இருக்கிறது. புது ஸ்டெம்கள் அநேகமாக 6 அல்லது 7 பாகை. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள 7 பாகை ஸ்டெம்மைக் கீழ்நோக்கி மாட்டினாலே பார் சுமார் 17 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும், முன்தூரம், அதாவது பார் முன்னால் தள்ளி நிற்கும் தூரம், கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதையே புரட்டி மேல்நோக்கி மாட்டினால் சுமார் 41 உயரும், முன்தூரம் 9 குறையும். ஆக முதுகுக்காக உயர்த்துகிறவர்கள் நீளம் குறைந்த ஸ்டெம்மையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்; முதலில் பழைய நீளத்திலேயே மாட்டி, புரட்டிப் பார்த்து, ஒரு வாரம் ஓட்டுங்கள். அடாப்டரை உயர்த்தினாலும் 10 மில்லிமீட்டருக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் பார் பின்னால் வரும்.

பழைய பாரையே வைத்துக்கொள்வதென்றால் 31.8 ஸ்டெம்முக்குள் போடும் தகடு கிடைக்கிறது. 25.4-க்கு உள்ளதை 26.0 பாருக்குத் திணிக்க வேண்டாம்.

மாட்டும் வேலை சின்னதுதான். அடாப்டரின் தண்டு முழுக்க, ஆப்பின் சரிவு, போல்ட்டின் மரை, போல்ட் தலைக்கு அடியில், இத்தனை இடத்திலும் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ் போட்டால் வழுக்குமே என்று பயப்பட வேண்டாம், ஆப்பு பிடிக்கும். ஆனால் மேலே ஸ்டெம் கவ்வும் 28.6 பகுதியில் கிரீஸ் படாமல் துடைத்துவிடுங்கள். அடாப்டரை இறக்கி, ஸ்டெம்மை மாட்டாமலேயே ஆப்பை இறுக்குங்கள். அடாப்டர் உருண்டை என்பதால் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கவலையில்லை. அப்புறம் ஸ்டெம்மைப் போட்டு, முன்சக்கரத்தோடு நேர் பார்த்து, பக்கவாட்டு போல்ட்கள் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம். முன்மூடியில் நாலு போல்ட் இருந்தால் மேலும் கீழும் இடைவெளி சமமாக வரும்படி குறுக்காக இறுக்க வேண்டும்.

ஸ்டெம்மின் கவ்வும் பகுதி முழுதும் அடாப்டரின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். புது ஃபோர்க்கில் குழாய் 2, 3 மில்லிமீட்டர் உள்ளடங்கி இருக்கச் சொல்வார்கள். அது ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் மேல்மூடி பேரிங்கை அழுத்துவதற்காக. இங்கே அந்த வேலை கிடையாது, குழாய் மட்டமாக நின்றாலும் சரி. மேல்மூடி வெறும் மழைத்தொப்பி. அதைத் திருகித் திருகி ஹெட்செட் ஆட்டத்தைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஆட்டம் இருந்தால் லாக்நட்டையும் அதன் அடியிலிருக்கும் கப்பையும் இரண்டு ஸ்பேனர் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், முன்பு போலவே.

சோதனை: சக்கரத்தை முழங்காலில் பிடித்து ஹேண்டிலைப் பலமாகத் திருகுங்கள். வழுக்கக்கூடிய இடம் இப்போது இரண்டு: குழாய்க்குள் அடாப்டர், அடாப்டர் மேல் ஸ்டெம். அடாப்டரிலும் லாக்நட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு, ஸ்டெம்மிலும் அடாப்டரிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுத் திருகினால் எது நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல இருபக்கமும் திருப்புங்கள். முன்பு வழுவழுவென்று திரும்பியது இப்போது இறுகினால், ஆப்பு மேலே உட்கார்ந்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள்.

கேபிளை மறந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பார் 40 மில்லிமீட்டர் உயர்ந்தால் பிரேக் கேபிளின் வெளியுறை இழுபடும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்தால் உறை குட்டை, புதிது போடுங்கள். பழைய மலை வண்டிகள் சிலவற்றில் முன் பிரேக் கேபிள் நிற்கும் இடம் ஸ்டெம்மிலேயே இருக்கும். அந்த ஸ்டெம்மை எடுத்தால் கேபிளுக்குப் பிடிமானம் போய்விடும். லாக்நட்டுக்குக் கீழே மாட்டும் தனி நிறுத்தி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

முதல் சவாரிக்கு மரைன் டிரைவ் வேண்டாம், மேடு பள்ளம் உள்ள உங்கள் தெருவே போதும். ஒரு சுற்று வந்ததும் கோடுகளைப் பாருங்கள், போல்ட்களை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் வருஷா வருஷம் மே கடைசியில், மழை இறங்குவதற்குள், அடாப்டரை வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் தடவிப் போட்டுவிடுங்கள்.