பொன் விகிதத்தைப் பறவையின் தலையில் கட்டாதீர்கள்

பறவைப் படம் எடுக்கிறவர்கள், பொன் விகிதம் எனப்படும் 1.618 கணக்கில் படத்தை அமைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்கிற ஒரு வீடியோ பார்த்துவிட்டால் போதும், கண்ணில் படுவதெல்லாம் பொன் விகிதமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். முதல் தவறே அங்கேதான். கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரிகிற பொன் சுருளுக்கு உதாரணம் என்று எல்லோரும் காட்டுகிற, நாட்டிலஸ் என்கிற கடல் உயிரியின் ஓட்டை அளந்தால் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 3 மடங்குதான் விரிகிறது. பொன் சுருள் என்றால் 6.85 மடங்கு விரியவேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏடிஎம் கார்டு 1.586, ஏ4 தாள் 1.414, இரண்டும் பொன் விகிதம் இல்லை. நிஜமாகவே பார்க்கவேண்டுமானால் சூரியகாந்தியின் விதை வரிசைகளை எண்ணுங்கள், பல பூக்களில் ஒரு பக்கமாக 34, எதிர்ப்பக்கமாக 55 வரும், வகுத்துப் பாருங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். வேடந்தாங்கலில் மஞ்சள் மூக்கு நாரை குச்சியோடு கூட்டில் இறங்குகிற அந்த ஒரு நொடியில், பொன் கோடு, அதாவது படத்தின் அகலத்தைப் பொன் விகிதத்தில் பிரிக்கிற கோடு, எங்கே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நாரை இறங்கி உட்கார்ந்துவிடும். கோட்டைப் பார்த்தே கோட்டை விட்ட படங்கள் என்னிடம் நிறைய உண்டு. இத்தனைக்கும் 6000 பிக்சல் அகலப் படத்தில் அகலத்தை மூன்றாகப் பிரிக்கிற வழக்கமான கோடு இடது ஓரத்திலிருந்து 2000த்தில், பொன் கோடு 2292ல். அகலத்தில் 5 சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. கண்ணில் ஃபோகஸ் விழாத படத்தை அந்த 292 பிக்சல் காப்பாற்றாது.

அதைவிடப் பெரிய தவறு, கோட்டில் சரியாக வைத்துவிட்டு பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மறந்துவிடுவது. இடது பக்கம் பார்க்கிற நாரையை இடது கோட்டில் வைத்தால் அது சட்டத்தின் விளிம்பில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும், அதே நாரையை வலது கோட்டுக்குத் தள்ளிப் பாருங்கள், முன்னால் பறக்க இடம் கிடைத்துவிடும்.

களத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு எடுத்துவிடுங்கள், விகிதமெல்லாம் வீட்டில் க்ராப் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம். லைட்ரூம் கிளாசிக் என்கிற படத் திருத்த மென்பொருளில் க்ராப் கருவியைத் திறந்து ‘ஓ’ (O) விசையைத் தட்டத் தட்ட, படத்தின் மேல் தெரிகிற வழிகாட்டிக் கட்டங்கள் மாறும், அதில் பொன் சுருளும் வரும், ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் சுருள் திசை மாறும். ஆனால் எட்டுத் திசையிலும் திருப்பிப் பார்த்து ஏதோ ஒன்றில் கழுத்து பொருந்திவிட்டது என்று சந்தோஷப்படுவதும் தவறுதான், அப்படித் தேடினால் எந்தப் படத்திலும் சுருள் பொருந்தும். அப்புறம், அசையாத தண்ணீரில் நிழல் முழுசாக விழ, உங்களையே நேராகப் பார்த்து நிற்கிற நாரையா? தயங்காமல் நடுவில் வையுங்கள்.