பினாங்கில் உச்சிவேளை எத்தனை மணிக்கு? குச்சி நட்டுப் பார்க்கலாம்

பினாங்கில் கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. அது வருவதற்குள் மணி ஒன்றைத் தாண்டிவிடும். எவ்வளவு தாண்டுகிறது என்பதை வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம்.

தேவையானவை: மணிலா அட்டை, சாத்தே இறைச்சி செருகும் மெல்லிய மூங்கில் குச்சி, களிமண், நூல், பென்சில். மணி பார்க்கக் கைப்பேசி. பிப்ரவரி நல்ல மாதம், மழை குறைவு.

வெயில் மறையாத இடத்தில் அட்டையைத் தரையோடு ஒட்டுங்கள். கோலிக்குண்டு ஒன்றை அதன்மேல் வையுங்கள். உருண்டால் இடத்தை மாற்றுங்கள். நடுவில் களிமண் வைத்துக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள்.

நிழலின் நுனிதான் சிரமம் தரும். சூரியன் புள்ளியல்ல, அகலமான வட்டு. அதனால் நுனி மங்கிக் கரைந்துதான் விழும். குச்சியின் உச்சியில் மிளகளவு களிமண்ணை உருட்டி வைத்துவிடுங்கள். அதன் நிழல் சின்ன முட்டை வடிவில் விழும். அதன் நடுவைக் குறிப்பது எளிது.

12:15க்கு அந்த நடுவில் புள்ளி வையுங்கள். குச்சியின் அடியில் நூலைக் கட்டி, புள்ளி வரை இழுத்துப் பென்சிலால் வட்டம் போடுங்கள். நிழல் மெல்ல வட்டத்துக்குள் குறுகும், அப்புறம் நீளும். மறுபடி வட்டத்தைத் தொடும்போது மணியைக் குறித்து இன்னொரு புள்ளி வையுங்கள். 2:51 என்றால், இரண்டு நேரத்துக்கும் நடு 1:33. அதுதான் அன்றைய உச்சிவேளை. மிகக் குறுகிய நிழலைத் தேடி நேரம் பார்க்க வேண்டாம். உச்சியை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே தெரியாது.

ஏன் இப்படி? 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனோ ஏறக்குறைய 100.3 பாகையில் இருக்கிறது. சூரியன் ஒரு பாகை மேற்கே நகர 4 நிமிடம் என்றால் 79 நிமிடத் தாமதம். சராசரி உச்சிவேளை 1:19. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் பிப்ரவரி நடுவில் இன்னும் 14 நிமிடம் தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 1:02 அளவிலேயே வந்துவிடும்.

அட்டையைக் கழற்றும் முன் இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். அது கிழக்கு மேற்கு. கோயில் கட்டும் சிற்பிகள் சங்கு எனப்படும் குச்சியை நட்டுத் திசை கண்டதும் இந்த முறையில்தான். கைப்பேசித் திசைகாட்டி வேறு திசை காட்டினால் கோட்டையே நம்புங்கள். அடுக்குமாடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதைத் திருப்பிவிடும்.