இசட்லிப்பை இணைக்கும்போது எனக்கு வந்த தலைவலி

ஒரு சின்ன சி புரோகிராமில் டேட்டாவைச் சுருக்கிச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்கென்று 1995 முதலே இசட்லிப் என்ற லைப்ரரி (நாம் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) இருக்கிறது. உபுண்டு லினக்ஸில் கம்பைல் செய்த லைப்ரரியாகவே கிடைக்கும், நம் புரோகிராமோடு இணைத்தால் போதும்.

முதலில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் 'இசட்லிப்1ஜி-டெவ்' பேக்கேஜைப் போடுங்கள். லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம்கள் ஓடுவதற்கு மட்டும்தான். நமக்குத் தேவையான ஹெடர் கோப்பு (லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்வது) 'டெவ்' பேக்கேஜில்தான் வரும்.

அடுத்து, மெயின்.சி கோப்பில் இசட்லிப்.எச் ஹெடரைச் சேர்த்து, இசட்லிப்வெர்ஷன் ஃபங்ஷனை அழைத்து, அது தருவதை அச்சிடுங்கள். சுருக்கும் வேலையெல்லாம் அப்புறம்.

இனி ஜிசிசி கம்பைலர். மெயின்.சி என்று கொடுத்து, அதன் பிறகு லைப்ரரியை இணைக்கச் சொல்லும் மைனஸ் எல் இசட். இந்த எல் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண் ஒன்று அல்ல. லைப்ரரி கோப்பின் பெயர் 'லிப்இசட்.எஸ்ஓ'. முன்னால் இருக்கும் 'லிப்', பின்னால் இருக்கும் '.எஸ்ஓ' இரண்டையும் வெட்டினால் மிச்சம் 'இசட்' மட்டும்தான்.

நான் மைனஸ் எல் இசட்டை மெயின்.சிக்கு முன்னால் போட்டுவிட்டேன். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று திட்டு வந்தது. பேக்கேஜை இரண்டு முறை அழித்துப் போட்டும் அதே திட்டு. ஒரு மாலை முழுக்க வீண்.

நம் புரோகிராமையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கர், கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். லைப்ரரி வரும் நேரத்தில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை என்றால் ஒதுக்கிவிடும். பந்தியில் இலை போடும் முன்பே சாம்பார் வாளி கடந்து போன மாதிரி. உபுண்டு 11.10இலிருந்து, '.எஸ்ஓ' கோப்புகளுக்கும் (புரோகிராம் ஓடும்போது சேரும் லைப்ரரிகள்) இதே கண்டிப்பு. வேறு சில லினக்ஸ்களில் வரிசை மாறினாலும் ஓடிவிடும், அதனால்தான் குழப்பம்.

இப்போதெல்லாம் லைப்ரரியை இணைக்க என்ன கொடுக்க வேண்டும் என்று, அதைச் சொல்லும் கட்டளையான பிகேஜி-கான்ஃபிக்கிடமே கேட்டுவிடுகிறேன். அதனிடம் மட்டும் 'இசட்லிப்' என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும்! ஆனால் அது தரும் பதிலையும் கடைசியில்தான் போட வேண்டும்.

பின்சேர்க்கை: தானே கம்பைல் செய்த வேறொரு லைப்ரரியை யுஎஸ்ஆர்-லோக்கல் ஃபோல்டர் அடியில் போட்ட ஒருவருக்கு, இணைப்பு சரியாக நடந்தும் ஓட்டும்போது கோப்பு இல்லை என்று வந்ததாம். புரோகிராமுக்கு எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையில் 'நாட் ஃபவுண்ட்' என்று தெரிந்தால், லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஒருமுறை ஓட்டுங்கள். லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் வேரியபிளை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆறு மாதம் கழித்து வேறொரு புரோகிராம் தவறான லைப்ரரியை எடுத்துக்கொண்டு நிற்கும்.