டிசம்பர் லீவில் கோச்சியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

மலையகக் கோச்சியில், அதாவது கொழும்பு–பதுளை ரயிலில், ஏறுமுன் இரண்டு ஸ்டேஷன்களின் பெயரை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: நாவலப்பிட்டி, நானுஓயா. வழியில் கோச்சி ஓடாது என்று ஆனால், பஸ்ஸுக்கு மாற வசதியான இடங்கள் இவைதான். நாவலப்பிட்டியில் இருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குப் போகலாம். நானுஓயாவில் இறங்கினால் எட்டு கிலோமீற்றர் அளவில் நுவரெலியா. அங்கிருந்து வெலிமடைப் பாதையில் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய்ச் சேரலாம்.

இவற்றைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொண்டால் கஷ்டம். நாவலப்பிட்டிக்கு மேலே கல்பொட பகுதியில் கோச்சிப் பாதை ஒருபக்கம், பிரதான வீதி இன்னொரு பக்கம். நானுஓயாவுக்கு அப்பால் பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று வரும் சின்ன ஸ்டேஷன்களில் கைக்குழந்தையோடும் மூட்டையோடும் இறங்கி நின்றால் வாகனம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் மழை நாளில் நாவலப்பிட்டியிலும் நானுஓயாவிலும் கோச்சி நிற்கும்போது ஒருவர் இறங்கி, நிலைய அதிபரிடம் "மேலே லைன் கிளியரா?" என்று கேட்டுவிட்டு வரவேண்டும். பெட்டிக்குள் யாரும் வந்து அறிவிக்கமாட்டார்கள்.

ஏன் இவ்வளவு முன்யோசனை என்றால், மேலே போகப்போக ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே வரும் கோச்சி ஒரு ஸ்டேஷனுக்குள் ஒதுங்கினால்தான் நம்முடையது நகரும். நிலைய அதிபர் பெரிய வளையத்தில் கோத்த டெப்லட் என்ற அனுமதி வில்லையை டிரைவர் கையில் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன்வரை ஓடுவதற்கு அனுமதி இல்லை. ஆகவே பதுளைப் பக்கம் ஒரு கோச்சி ஒரு மணித்தியாலம் பிந்தினால், அது ஹட்டன் பக்கம் வருகிறவர்களையும் பிடித்து நிறுத்தும். ஏற்றமோ 44 அடிக்கு ஓரடி. தண்டவாளம் நனைந்தால் எஞ்சின் சக்கரம் வழுக்கும். மணலைத் தூவித் தூவித்தான் ஏறும். ஊர்ந்து போவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

மண்சரிவுதான் பெரிய ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. அதனால் டிக்கட் எடுக்குமுன் "கோச்சி உண்டா?" என்று மட்டும் கேட்காமல், "எதுவரை ஓடுகிறது?" என்றும் கேளுங்கள். 1919 அரசாங்கத் தகவல் நிலையத்தில் விசாரிக்கலாம். புறப்படும் முதல்நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் பிரதேசம் மஞ்சளில் இருந்தால் கவனமாகப் போகலாம். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பாட்டி எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாலும். வீட்டில் இருக்கிறவர்களே அந்த நேரத்தில் லயனை (தோட்டக் குடியிருப்பை) விட்டு வெளியேற வேண்டிவரலாம்.

டிக்கட்

ஆசனப்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரமும் தைப்பொங்கலை ஒட்டிய நாட்களும் சீக்கிரம் நிரம்பிவிடும். இதோடு டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) சிவனொளிபாதமலைப் பருவமும் தொடங்கிவிடும். ஹட்டன்வரை யாத்திரீகர் கூட்டம் சேர்ந்துகொள்ளும், இரவு மெயில் கோச்சியில் இன்னும் அதிகம். முடிந்தால் வார நடுவில், போயாவுக்கு முன்பின் இரண்டு நாள் தள்ளிப் போங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம், பதிவு டிக்கட்டோடு அதைக் கேட்பார்கள்.

பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட்டில் பெட்டிக்குள் இடம் கிடைக்கும், ஆசனம் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. அப்படிப் போகிறவர்கள் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் முக்கால் மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். கண்டியில் ஏறலாம் என்று நினைத்தால் கால் வைக்கவும் இடம் இராது. இன்னொன்று: எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் வராது. வழக்கமான அட்டவணையில் காலை 5.55 பொடி மெனிக்கே கண்டிக்குள் போய்த் திரும்பும், 8.30 உடரட்ட மெனிக்கே பேராதனைச் சந்தியோடு மேலே திரும்பிவிடும். கண்டிக்காரர்கள் இதைத் தெரியாமல் கண்டி மேடையில் காத்திருந்து கோச்சியை விடுவதுண்டு.

பொடி மெனிக்கேயில் போகிறவர்களுக்கு ஒரு விசயம். கண்டியில் கோச்சி ஓடும் திசை மாறும். அதுவரை முன்னோக்கி இருந்தவர்கள் அங்கிருந்து பின்னோக்கிப் போவார்கள். வளைவுகள் அதிகமாவதும் அதற்குப் பிறகுதான். வாந்தி எடுக்கும் பிள்ளையைக் கண்டியிலேயே எதிர் ஆசனத்துக்கு மாற்றிவிடுங்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், எண்ணெய் வடையோடும் வேண்டாம். காய்ந்த ரொட்டி, கட்டைச் சம்பல், ஒரு துண்டு இஞ்சி போதும். முடிச்சுப் போடக்கூடிய பைகள் நான்கைந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குளிருக்கு

கோட்டையில் வியர்க்கும். ஹட்டன் 4,000 அடிக்கு மேல், நானுஓயா 5,000 அடிக்கு மேல், பட்டிப்பொல 6,226 அடி. இலங்கையில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. கொழும்பைவிட அங்கே ஏறக்குறைய 12 பாகை குறைவாக இருக்கும். ஸ்வெட்டரைப் பெரிய பேக்கின் அடியில் போட்டுப் பூட்டி மேல்தட்டில் ஏற்றிவிட்டால், நெரிசலில் அதை எடுக்க முடியாது. ஆளுக்கொரு ஸ்வெட்டர், குல்லா, ஒரு சோடி சாக்ஸ் எல்லாவற்றையும் தனியாக ஒரு துணிப்பையில் கட்டி மடியில் வையுங்கள். நாவலப்பிட்டியில் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள்; நடுங்கத் தொடங்கிய பிறகு போட்டால் சூடேற நேரம் எடுக்கும்.

டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தை நனைக்கும். ஹட்டனில் வெயில் காய்ந்தாலும், பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்தைக் கடந்ததும் சாரல் ஜன்னலில் அடிக்கலாம். சில ஜன்னல்களின் ஷட்டர் இறுகிப்போய் இருக்கும். இருந்தவுடனே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இறங்காவிட்டால் ஒரு பெரிய பொலித்தீன் விரிப்பும் நாலு துணிக் கிளிப்பும் கைகொடுக்கும்.

பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோனால் கோச்சி நிற்கும்போது ஊற்றுங்கள். வளைவில் ஊற்றிப் பிள்ளையின் தொடை வெந்துபோவது நடக்கிற காரியம்.

வாசலில் தொங்கிக்கொண்டு போகவே கூடாது. சுரங்கச் சுவரும் பாறையும் பெட்டிக்கு மிக அருகில் வரும் இடங்கள் உண்டு. ஈரப் படிக்கட்டில் செருப்பு வழுக்கும். மேலே நாடு பார்க்க வந்தவர்கள் தொங்குவதைக் கண்டு நம் பையன்களும் தொங்குகிறார்கள், உயிர்கள் போயிருக்கின்றன. வாசல் பக்கம் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

இறங்கும் இடத்தைத் தவறவிடாமல் இருக்க

பனிமூட்டத்தில் பெயர்ப்பலகை தெரியாது, இரவில் இன்னும் மோசம். ஆகவே உங்கள் ஸ்டேஷனுக்கு முந்தியதைக் குறியாக வையுங்கள். கொழும்பிலிருந்து வரும்போது வட்டவளை, ரொசல்ல, அதற்குப் பிறகு ஹட்டன். ரொசல்ல கடந்ததும் எழுந்து மூட்டையை இறக்குங்கள். ஹட்டனைத் தாண்டிச் சற்று நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம், பெட்டி முழுக்க இருட்டாகும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ஹட்டனில் இறங்க வேண்டிய நீங்கள் அந்த இருட்டுக்குள் இருந்தால், ஹட்டன் போய்விட்டது. பதற வேண்டாம். அடுத்து நிற்கும் கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ இறங்கினால் ஹட்டன் வீதியில் பஸ் வரும். பதுளைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இதுவே தலைகீழ்: சுரங்கம் முடிந்தால் ஹட்டன் வரப்போகிறது.

அப்புத்தளைக்குப் போகிறவர்கள் இதல்கஸ்ஹின்னயில் தயாராகலாம். நுவரெலியா என்ற பெயரில் ஸ்டேஷன் இல்லை, நானுஓயாவில்தான் இறங்கவேண்டும். லிந்துலை, அக்கரபத்தனைக்காரர்களுக்குத் தலவாக்கலை. பசறை, லுணுகலைக்குப் பதுளைவரை.

சின்ன ஸ்டேஷன்களில் மேடை குட்டையாக இருந்தால் கடைசிப் பெட்டிகள் வெளியே நின்றுவிடும். படியிலிருந்து தரைக்கு நல்ல இறக்கம், கீழே சல்லிக்கல். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, பிள்ளைகளைத் தூக்கி இறக்கி, பிறகு மூட்டைகளை வாங்கவேண்டும். தாத்தா, அப்பாயி கூட வந்தால் நடுப்பெட்டியில் ஏற்றுங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால்

அரை மணித்தியாலம்வரை சாதாரணம், எதிர்க் கோச்சிக்காக நிற்கும். அதற்கு மேல் போனால் கோச்சியின் கார்டைக் கண்டு கேளுங்கள். மரம் விழுந்திருந்தால் வெட்டி அகற்றிவிட்டுப் போய்விடலாம். மண் விழுந்திருந்தாலோ பெட்டி தடம் புரண்டிருந்தாலோ அன்றைக்கு நம்பி இருக்காதீர்கள். ஆனாலும் தண்டவாள வழியே நடந்து போகக் கூடாது. ஒரு இடத்தில் சரிந்த மண் பக்கத்திலும் சரியலாம், சுரங்கத்துக்குள் ஒதுங்கவும் இடமில்லை. கோச்சி பின்னால் ஸ்டேஷனுக்குத் திரும்பும்வரை பெட்டியிலேயே இருங்கள். டிக்கட்டை வீசாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மாற்றுப் பஸ்ஸில் ஏறவும் அது வேண்டும். யாருக்காவது சுகமில்லாமல் போனால் 1990 அம்புலன்ஸுக்கு, அனர்த்தம் என்றால் 117க்கு கோல் எடுங்கள்.

மலைமடிப்புகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே நாவலப்பிட்டியிலேயே மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஒரு கோல் எடுத்து, "ரெண்டு மணித்தியாலம் கேட்கலன்னா பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பலகையில் உள்ள நேரத்தை மட்டும் சொன்னால், அவர் குளிரில் ஸ்டேஷன் வாசலில் நின்றே விறைத்துப்போவார்.

இரவு மெயிலில் ஹட்டனில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி அளவாகும். பருவ காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் பஸ் ஓடும், பொகவந்தலாவைப் பக்கம் விடியவேண்டும். தெரிந்த ஆட்டோக்காரரிடம் முதல்நாளே பேசி வையுங்கள், இல்லையென்றால் வெளிச்சமுள்ள ஸ்டேஷனுக்குள்ளேயே விடியும்வரை இருங்கள். தோட்டத்துக்குள் குறுக்குப்பாதையில் நடக்கவேண்டி வந்தால் டோர்ச், மூடிய சப்பாத்து, அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு.

திரும்பி வரும் டிக்கட்டையும் போகும் டிக்கட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். பாடசாலை தொடங்குமுன் உள்ள ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும் கோச்சியில்தான் ஆகப் பெரிய நெரிசல். வீட்டார் கட்டித்தரும் லீக்ஸையும் கரட்டையும் கழுவாமல் மண்ணோடு சாக்கில் போடச் சொல்லுங்கள். கழுவினால் கொழும்பு வெக்கையில் மறுநாளே அழுகும். வழியெல்லாம் சொட்டும் தண்ணீரும் கீழே இருக்கிறவர் தலையில்தான் விழும்.