இளமாணி உளவியல் ஆய்வு மாநாடு: கொழும்பில் நடத்துவோர் சறுக்கும் இடங்கள்

அழைப்பிதழில் 8.30க்கு மங்கள விளக்கு. பொரளை நெரிசலைத் தாண்டிப் பிரதம விருந்தினர் வந்துசேர 9.15. ஆசியுரை, வாழ்த்துரை, நினைவுச்சின்னம் எல்லாம் முடிய 10.30 ஆகிவிடும். போன நேரத்தை விருந்தினரிடம் திருப்பிக் கேட்க முடியாது. 15 நிமிடம் தருவதாகச் சொல்லப்பட்ட மாணவிக்கு 7 நிமிடம்தான் மிஞ்சும். ஆரம்ப வைபவத்தை அரை மணிக்குள் அடக்குங்கள். சிறப்புரை ஒன்று போதும், அதையும் தேநீருக்குப் பிறகு வையுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு நான்கு பேர் என்று கணக்குப் போடுவதும் பிழை. பேச்சுக்கு 10, கேள்விக்கு 5 நிமிடம் என்றால் 90 நிமிட அமர்வில் ஐந்து பேரே கொள்ளும். மீதி 15 நிமிடம் ஆள் மாறவும் புரொஜெக்டர் முரண்டு பிடிக்கவும் வேண்டும். ஸ்லைடுகளை முதல்நாளே வாங்கி ஒரே கணினியில் ஏற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாக உடைவது அப்போதே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கும் மாணவரை முதல் அமர்வில் போடாதீர்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறையை ஒட்டிய நீண்ட விடுமுறை என்றால் அவருக்கு பஸ்ஸில் ஆசனமே கிடைக்காது. வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்ஆவுக்காக 12 முதல் 2 வரை விட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் அன்றைய நாளோடு போய்விடும். ஆய்வு நெறிமுறையில் விடும் பிழை அப்படிப் போகாது. தரவு சேகரித்து முடித்தபின் நெறிமுறைக் குழு பின்தேதியிட்டு அனுமதி தராது. மாநாட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆய்வுச்சுருக்கங்களுக்கான அழைப்பை விட்டு, அதில் குழுவின் அனுமதி எண் கேட்டால் நல்ல ஆய்வுகளும் வெளியே நிற்கும். எண் கட்டாயம் என்பதை மூன்றாம் ஆண்டு மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். PHQ-9 என்ற மனச்சோர்வு வினாக்கொத்தின் ஒன்பதாவது வினா, சாவதே மேல் என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்தும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு “ஒருபோதும் இல்லை” என்பதைத் தவிர வேறு விடை குறித்தவரை மாணவர் எங்கே அனுப்பினார்? 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையாவது கொடுத்தாரா? மதிப்பீட்டுப் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்க வேண்டும்.

நேர்காணல் ஆய்வுகளில் ஆளை இனங்காட்டிவிடும் ஆபத்தும் உண்டு. “மட்டக்களப்புக் கரையோரக் கிராமமொன்றில், கணவர் காணாமல் ஆக்கப்பட்ட 42 வயது ஆசிரியை” என்று ஸ்லைடில் போட்டால், பெயர் இல்லாவிட்டாலும் அவ்வூரார் கண்டுபிடித்துவிடுவார்கள். வயது, தொழில், இடம் மூன்றையும் ஒன்றாகப் போட விடாதீர்கள்.

ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கிப் பயன்படுத்திவிட்டு, மூல அளவுகோலின் குரொன்பாக் அல்பாவை, அதாவது வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணை, எழுதுவது மாணவர் அடிக்கடி விடும் பிழை. மொழிபெயர்த்தவர் யார், தமிழாக்கத்தை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பு நடந்ததா, தம்முடைய மாதிரியில் அல்பா எவ்வளவு என்பவற்றை 250 சொல் ஆய்வுச்சுருக்கத்திலேயே கேளுங்கள். ஆராய்ந்த காரணிகளிடையே தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பதற்காக ஓர் ஆய்வை ஒதுக்கும் மதிப்பீட்டாளரிடம், முறையியலுக்கே புள்ளி என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு சுருக்கத்துக்கும் மதிப்பீட்டாளர் இருவர். புள்ளிகள் வெகுவாக விலகினால் மூன்றாமவர். மாணவரின் மேற்பார்வையாளர் அதில் இருக்கக்கூடாது. மாணவரின் பெயரைப் பக்கத்திலிருந்து நீக்கினாலும் வேர்ட் கோப்பின் விவரங்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் அழியுங்கள். ஆய்வை விளக்கும் சுவரொட்டியின் அளவை, உதாரணமாக A1 நெடுக்குவாக்கு, அழைப்பிலேயே குறிப்பிடாவிட்டால் கிடைமட்டமாக அச்சிட்டு வருபவருக்குப் பலகை போதாது.

வெளியீட்டில் சுருக்கங்கள் மட்டும் போதும். முழுக் கட்டுரையையும் அச்சிட்டால், ஏற்கெனவே வெளியானது என்று ஆய்விதழ்கள் அதைத் தள்ளக்கூடும். பெருமைக்காக இதைச் செய்து மாணவரின் முதல் கட்டுரையைக் கெடுக்க வேண்டாம்.

மாநாட்டு மின்னஞ்சலை இறுதியாண்டு மாணவர் ஒருவரின் சொந்தக் கணக்கில் திறந்தால், பட்டமளிப்போடு அதுவும் போய்விடும். துறையின் பெயரில் திறந்து, உண்மையில் செலவான தொகைகளையும், பதில் போட்ட, போடாத மதிப்பீட்டாளர் பட்டியலையும் அடுத்த அணிக்குக் கொடுங்கள். பதிவுக்காக வாங்கிய அடையாள அட்டை இலக்கங்களை மட்டும் அதற்குமுன் அழித்துவிடுங்கள். சான்றிதழுக்கு அவை தேவையே இல்லை.