எழுதாமல் விட்ட இடம்: பிள்ளைகளோடு அரசியல் யாப்பை வாசிப்பது எப்படி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில், சனிக்கிழமை மாலைகளில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குடியியல் சொல்லிக்கொடுக்கிறேன். யாப்பை முதல் உறுப்புரையிலிருந்து வரிசையாக வாசிக்காதீர்கள். இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஒரே ஒரு பிரிவை எடுங்கள். நான் எடுப்பது, இலங்கை சுதந்திரம் பெற்றபோது நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு.

அதை எளிய தமிழில் கரும்பலகையில் எழுதுங்கள்: மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின்மீது மட்டும் சுமத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. பிறகு இந்த வரி எந்தப் பேரத்தில் பிறந்தது என்று கேளுங்கள். தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார்: ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, மறுபாதி சிறுபான்மையினர் எல்லாருக்கும். யாப்பு பற்றி ஆராய பிரித்தானியா அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு மறுத்தது. சிறுபான்மையினருக்குக் கிடைத்த காப்புகளில் முக்கியமானது இந்தப் பிரிவு. தொகுதிப் பிரிப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கும் இருந்தது; ஆள் குறைந்த பகுதிகளுக்கு அது கை கொடுத்தது. பிள்ளைகளை மூன்று அணியாக்கி இதை வாதாட விடுங்கள். வாதத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதுதான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரியும்.

முந்தைய வாரமே இன்னொரு வேலை கொடுத்துவிட வேண்டும்: வீட்டிலுள்ள பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பார்த்து, அதில் இருப்பதைக் கொப்பியில் எழுதி வருவது. பத்திரத்தையே கொண்டுவரச் சொல்லாதீர்கள். முதியவர்கள் அதைக் கை மாற விடமாட்டார்கள், அவர்களை வற்புறுத்தவும் கூடாது. நான் என் தாத்தாவுடையதைக் கொண்டுபோகிறேன். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் பழுப்பேறிக் கிழிந்துவிட்டன. கூப்பன் புத்தகத்தோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி, அப்பாயி அதைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

தாத்தா டிக்கோயாவில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை எழுந்து, "அப்படியென்றால் 29(2) எங்கே போனது, டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

விடை, யாப்பு எழுதாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. யார் பிரஜை என்று சோல்பரி யாப்பு சொல்லவே இல்லை; அதை நாடாளுமன்றத்திடம் விட்டது. நாடாளுமன்றம் எந்தச் சமூகத்தின் பெயரையும் குறிப்பிடாமல் சட்டம் செய்தது; ஆனால் அடி விழுந்தது இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்மீது. 1949இல் வாக்குரிமையும் பிரஜாவுரிமையோடு கட்டப்பட்டது. 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் இந்தச் சட்டங்கள் 29(2)ஐ மீறவில்லை என்று தீர்த்தது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

1972 யாப்பில் அந்தப் பிரிவே இல்லை. 1978 யாப்பின் 26ஆம் உறுப்புரை, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கியது. தாத்தாவின் பத்திரத்தில் "பதிவு" என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டி இதைச் சொல்வேன்.

கடைசியாக ஒரு சொற்பயிற்சி. இன்றைய யாப்பு "ஒற்றையாட்சி" என்கிறது. புதிய யாப்புக்காக வந்த 2017 இடைக்கால அறிக்கை சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் எழுதப் பார்த்தது. இரண்டு சொல்லும் ஒன்றுதானா என்று கேட்டுவிட்டு, யார் பிரஜை என்று சோல்பரி யாப்பு சொல்லாமல் விட்ட வெற்றிடத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று அணியும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சென்ற முறை "இந்த மண்ணில் பிறந்த எவரும்" என்பதில் தொடங்கி, "பிறந்தவரும் பத்து ஆண்டு உழைத்தவரும்" என்பதில் வந்து நின்றார்கள். "பத்து" அதிகம் என்று ஓர் அணி இன்னும் கையெழுத்திடவில்லை. தாள் வாசிகசாலைச் சுவரில்தான் இருக்கிறது; வரும் சனிக்கிழமை திருத்தம் கொண்டுவருகிறார்களாம்.