ஜிப் ஃபைலைத் திறந்தால் போதாது, பிரிக்க வேண்டும்

தருமபுரி நான்கு ரோடு பக்கம் எங்கள் டி.டி.பி. கடைக்கு அரூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்லூரி புராஜெக்ட் ஜிப் ஃபைலாக, அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய மூட்டையாக வந்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்து, உள்ளே இருந்த வேர்டு ஃபைலை ராத்திரி முழுக்கத் திருத்தியிருக்கிறார். பிரிண்ட் எடுக்கப் பார்த்தால் பழையதுதான் இருக்கிறது. "அண்ணா, சேவ் பண்ணேனே!" என்றார். பண்ணித்தான் இருப்பார், எங்கே என்பதுதான் கேள்வி.

டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் ஜிப்பைச் சாதாரண ஃபோல்டர் போலக் காட்டும். அது எட்டிப் பார்க்க மட்டும். உள்ளே இருக்கும் ஃபைலைத் திறந்தால், தற்காலிக இடத்தில் ஒரு நகல் எடுத்துத்தான் திறக்கும். அங்கேயே சேவ் ஆனால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நாங்களும் அரை மணி நேரம் தேடிவிட்டு, கடைசியில் மறுபடி டைப் செய்தோம்.

இப்படி ஆகாமல் இருக்க ஜிப்பைப் பிரிக்க வேண்டும், அதாவது உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். முதலில், ஜிப்பைப் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் நிற்காது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இடமும் பாருங்கள்: போட்டோக்கள் ஜிப்பில் அவ்வளவாகச் சுருங்காது, 2 ஜிபி ஜிப்புக்கு இன்னொரு 2 ஜிபி காலியாக வேண்டும்.

அடுத்து ஜிப் மேல் ரைட் கிளிக், "எக்ஸ்ட்ராக்ட் ஆல்". இடம் கேட்கும்போது டி டிரைவில் சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் கொடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பெயர் நீண்டு 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் முரண்டு பிடிக்கும்.

ஜிப் போலவே சுருக்கிக் கட்டும் வேறு வகைகளான ரார், 7இசட் வந்தால்? 2023க்குப் பின் அப்டேட் ஆன விண்டோஸ் 11 திறந்துவிடும். பழைய கம்ப்யூட்டர் என்றால் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். என் கடையில் எல்லாவற்றுக்கும் அதுதான். பார்ட்1, பார்ட்2 என்று துண்டுகளாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து முதல் துண்டை மட்டும் பிரியுங்கள். மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ்காரர்கள் அனுப்பும் டார்.ஜிஇசட் இரண்டு உறை போட்ட கடிதம். டார் கட்டும், ஜிஇசட் சுருக்கும். செவன்-ஜிப்பில் பிரித்தால் உள்ளே இன்னொரு டார் வரலாம். பதறாமல் அதையும் பிரியுங்கள். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் ரைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட்" கொடுத்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

மேக்கில் டபுள் கிளிக் செய்தாலே ஜிப் பிரிந்துவிடும். ராருக்கு மட்டும் "தி அன்ஆர்க்கைவர்" என்ற ஆப் வேண்டும். மேக்கிலிருந்து வந்த ஜிப்பை விண்டோஸில் பிரித்தால் "மேக்ஓஎஸ்எக்ஸ்" என்று ஒரு ஃபோல்டர் கூடவே வரும். வைரஸ் இல்லை, அழித்துவிடலாம்.

ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பில் ஜிப்பைத் தொட்டால் போதும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் ஆப் பிரித்துக் கொடுக்கும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், ஜிப் செய்த மென்பொருள் பழசாக இருக்கலாம். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. திறந்து பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.